அடுத்த சீசன் எந்த நாட்டில்?

லுட்ஸ் ஃபானென்ஸ்டீல் என்ற பெயர் பெரும்பாலான கால்பந்து ரசிகர்களுக்கே தெரியாது. 1973இல் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ட்ஸ்வீசல் என்ற சிற்றூரில் பிறந்த கோல்கீப்பர். உலகக் கோப்பையில் ஆடியதில்லை. சொந்த நாட்டின் முதல் டிவிஷன் லீகில்கூட ஆடியதில்லை. ஆனால் ஃபிஃபாவின் கீழ் உள்ள ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும், அதாவது ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, ஓசியானியா, வட மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா என எல்லாவற்றிலும், தொழில்முறையாக ஆடிய முதல் ஆள் அவர்தான். 2008இல் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தபோது ஆறாவது கட்டமும் நிரம்பியது. மலேசியா, இங்கிலாந்து, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, கனடா, அல்பேனியா, ஆர்மேனியா, நார்வே, நமீபியா என்று 25க்கும் மேற்பட்ட கிளப்புகள்.

இப்படி ஒருவரைப் பார்த்தால் 'ஊர் சுற்றும் ஆசை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆசையும் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆசை மட்டும் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா போனால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டைக் காலி செய்ய வைப்பது வேறு சில சங்கதிகள்.

இத்தகைய ஆட்டக்காரரை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். பயணம் செய்கிறவர் என்பதால் வந்த பெயர் என்று தோன்றும். உண்மையில் அது 'நாள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பட்டறையில் தொழிலைக் கற்று முடித்தவர், ஆனால் சொந்தப் பட்டறை போடும் நிலைக்கு வராதவர், நாள் கூலிக்கு வேலை பார்ப்பவர்: அவர்தான் ஜர்னிமேன். ஜெர்மனியில் தச்சர் போன்ற கைவினைஞர்கள் பயிற்சி முடிந்ததும் மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகப் போய் வேலை செய்கிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. அந்தக் காலம் முடியும்வரை சொந்த ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஃபானென்ஸ்டீலும் அப்படிக் கிளம்பியவர்தான் என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, மூன்று ஆண்டு ஏறக்குறைய இருபது ஆண்டாகிவிட்டது. பயணம் என்பதை விட்டுவிட்டு கூலி என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால்தான் இந்த வாழ்க்கை பிடிபடும்.

கோல்கீப்பர் என்பதிலிருந்தே தொடங்கலாம். மற்ற இடங்களுக்கு ஓர் அணியில் நெகிழ்வு உண்டு. நடுக்கள ஆட்டக்காரரை ஓரத்தில் நிறுத்தலாம், கடைசி இருபது நிமிடத்துக்கு மாற்றாக இறக்கலாம். கோல்வாசலில் நிற்பவர் ஒருவர்தான். அவர் அடிபட்டாலோ, வெளியேற்றப்பட்டாலோ, படுமோசமாக ஆடினாலோதான் அடுத்தவருக்கு வாய்ப்பு. இளைஞராக இருந்த ஃபானென்ஸ்டீலுக்கு ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயர்ன் மியூனிக் தன் அமெச்சூர் அணியில் சேர ஒப்பந்தம் நீட்டியது. அவர் அதை மறுத்துவிட்டு மலேசியாவின் பினாங்குக்குப் போனார். பைத்தியக்காரத்தனம் என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் பெரிய கிளப்பின் வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதா, சின்ன கிளப்பில் வாராவாரம் களமிறங்குவதா என்ற கேள்விக்கு அது ஒரு நியாயமான பதில்தான். கோல்கீப்பர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இடம் மாறுவதில் ஆச்சரியமே இல்லை.

இந்த இடமாற்றங்களுக்கு சட்டப் பின்னணி ஒன்றும் இருக்கிறது. ஜான் மார்க் போஸ்மன் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய சாதாரண ஆட்டக்காரர். 1990இல் ஒப்பந்தம் முடிந்தபோது கிளப் பழைய சம்பளத்தில் கால் பங்குதான் தருவேன் என்றது. சரி, பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றார். ஒப்பந்தமே முடிந்துபோன ஆளுக்கும் பழைய கிளப் புதிய கிளப்பிடம் விலை கேட்கலாம், அதாவது மாற்றுத்தொகை, என்பது அன்றைய விதி. பணம் படியவில்லை, அவர் நடுவில் மாட்டிக்கொண்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுத்தொகை இல்லாமல் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போகலாம். ஒன்றிய நாட்டவருக்கு 'வெளிநாட்டவர்' என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடும் செல்லாது.

நட்சத்திரங்களுக்கு இந்தத் தீர்ப்பு பேரம் பேசும் வலிமையைக் கொடுத்தது. நடுத்தர ஆட்டக்காரருக்குக் கிடைத்தது இரண்டு பக்கமும் கூரான கத்தி. அவர் சுதந்திரமாகப் போகலாம் என்றால், அவரைப் போலவே இன்னும் ஆயிரம் பேரும் போகலாம். அவரை விற்றால் பணம் வராது என்பதால் நீண்ட ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கக் கிளப்புக்குக் காரணமும் குறைந்தது. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு, குறைந்தபட்சம் அந்த சீசன் முடியும்வரை. செய்திகளில் ஐந்தாண்டு ஒப்பந்தங்களைத்தான் படிக்கிறோம். ஜர்னிமேன் வாழ்வது அந்தக் குறைந்தபட்சத்தில். 'சீசன் முடியும்வரை, அப்புறம் பார்க்கலாம்.'

அந்த 'அப்புறம்' எந்த நாட்டில் என்பதைத் தீர்மானிப்பதில் முதல் இடம் வெளிநாட்டவர் கோட்டாவுக்கு. இதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி, ரசிகர்கள் அதிகம் கவனிக்காததும் கூட. ஆசியாவில் 2009 வாக்கில் '3+1' என்ற முறை பரவியது. ஓர் அணியில் எந்த நாட்டவரானாலும் மூன்று வெளிநாட்டவர், அவர்களோடு ஆசியக் கூட்டமைப்பைச் சேர்ந்த நாட்டிலிருந்து கூடுதலாக ஒருவர். அந்தக் கூடுதல் இடம் தனிச் சந்தையை உண்டாக்கியது. 2006இல் ஆஸ்திரேலியா ஓசியானியாவை விட்டு ஆசியக் கூட்டமைப்புக்கு மாறியிருந்தது. விளைவு? உயரமான, உடல்வலு மிக்க, ஐரோப்பிய பாணியில் பயிற்சி பெற்ற ஆஸ்திரேலியத் தடுப்பாளர் திடீரென்று 'ஆசியர்' ஆனார். அதே திறமையுள்ள நியூசிலாந்துக்காரர் மூன்று இடங்களுக்காக பிரேசில்காரர்களோடும் ஆப்பிரிக்கர்களோடும் போட்டியிட, ஆஸ்திரேலியருக்கு நான்காவது இடத்தின் கதவு திறந்திருந்தது. ஆட்டத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை, பாஸ்போர்ட்டில்தான் வித்தியாசம்.

இந்தியாவின் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரும் இதே கணக்கைப் பின்பற்றியது. 2021-22 சீசனிலிருந்து ஓர் அணியில் அதிகபட்சம் ஆறு வெளிநாட்டவர், அவர்களில் ஒருவர் ஆசியக் கூட்டமைப்பு நாட்டவராக இருக்க வேண்டும், களத்தில் ஒரே நேரத்தில் நால்வர்தான் என்று விதி வந்தது. அதற்கு முன் களத்தில் ஐவர் ஆடலாம். ஒரு வரி மாற்றம்தான். ஆனால் அணிக்கு ஒரு வெளிநாட்டவர் பெஞ்சுக்குப் போகிறார் என்றால், அடுத்த சீசனில் ஒருவர் வேறு நாட்டைத் தேடப்போகிறார் என்று அர்த்தம். தாய்லாந்து, மலேசியா போன்ற நாடுகளில் தென்கிழக்கு ஆசியருக்கென்று தனி இடங்கள் உண்டு. அதனால் ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்தவர்கூட தாய்வழிப் பூர்வீகத்தால் பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அது அங்கே செல்லுபடியாகும் நாணயம். இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. ஆசியாவின் உச்சக் கிளப் போட்டியில் 2024-25 சீசனிலிருந்து வெளிநாட்டவர் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

கால்பந்தின் வரைபடமும் பள்ளிக்கூட வரைபடமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். இஸ்ரேல் புவியியலில் ஆசியா, கால்பந்தில் ஐரோப்பா. வெலிங்டன் ஃபீனிக்ஸ் நியூசிலாந்துக் கிளப், ஆடுவது ஆஸ்திரேலிய லீகில். ஃபிஜியைச் சேர்ந்த ராய் கிருஷ்ணா அந்த வெலிங்டனில் ஆடி, 2018-19இல் ஆஸ்திரேலிய லீகின் அதிக கோல் அடித்தவராகி, பிறகு 2019இல் கொல்கத்தாவுக்கு வந்தார். ஆகவே 'எத்தனை கண்டம்' என்று எண்ணத் தொடங்கினால் எந்த வரைபடம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நாள்காட்டி. ஐரோப்பாவின் பெரிய லீகுகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகின்றன. நார்வே போன்ற குளிர் நாடுகளில் வசந்தத்தில் தொடங்கிக் குளிர்காலத்துக்கு முன் முடித்துவிடுவார்கள். பூமியின் தென்பாதியில் பருவமே தலைகீழ். ஒரு லீகில் வேலை இல்லாத மாதங்களில் இன்னொரு லீகில் ஆள் தேவைப்படும். ஃபானென்ஸ்டீல் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். 2000களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் டனீடின் நகரக் கிளப்புக்கு ஆடிவிட்டு, அங்கே ஓய்வுக்காலம் வந்ததும் இங்கிலாந்தின் கீழ்மட்ட லீகில் பிராட்ஃபர்ட் பார்க் அவென்யூவுக்குப் போனார். இப்படியே போனால் ஒருவர் ஆண்டுக்கு நான்கு கிளப்பில் ஆடிவிடுவாரே என்றால், அதற்கும் விதி உண்டு: ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம், இரண்டுக்குத்தான் ஆடலாம். சீசன்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நாடுகளுக்கு இடையே மாறுகிறவருக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு.

நாடு மாறும்போது பழைய நாட்டின் சங்கம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வராமல் புது நாட்டில் களமிறங்க முடியாது. 2010 அக்டோபர் முதல் ஆண்கள் தொழில்முறை ஆட்டத்தில் இது கணினி வழியாகவே நடக்க வேண்டும் என்றானது. அதற்கு முந்தைய தலைமுறையினர் காகிதத்துக்காகவும் ஃபேக்ஸுக்காகவும் காத்துக்கிடந்தார்கள்.

ஃபானென்ஸ்டீல் எல்லையைத் தொட்டார் என்றால், எண்ணிக்கையில் அவரைத் தாண்டியவர் செபாஸ்தியான் அப்ரேயு. உருகுவேக்காரர், ஸ்ட்ரைக்கர், செல்லப்பெயர் 'எல் லோகோ', பைத்தியக்காரன் என்று பொருள். 2017 இறுதியில் சிலியின் அவுடாக்ஸ் இட்டாலியானோவில் சேர்ந்தபோது அது அவருடைய 26ஆவது கிளப். கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்றது. அதோடு நிற்கவில்லை. 2021இல் ஓய்வு பெறுவதற்குள் எண்ணிக்கை 30ஐத் தாண்டியிருந்தது, நாடுகள் 11.

அப்ரேயுவைத் தோற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. உருகுவேக்காக 70 ஆட்டங்கள், 26 கோல்கள். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிராக, கடைசி நிமிடத்தில் லூயிஸ் சுவாரெஸ் கையால் கோலைத் தடுத்து, அசமோவா ஜியான் பெனால்டியைக் கம்பத்தில் அடித்து, ஆட்டம் பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போன அந்த இரவில், வெற்றியைத் தீர்மானிக்கும் உதை அப்ரேயுவிடம் வந்தது. ஓடி வந்தவர் பந்தை மெல்லக் கிள்ளிவிட்டதுபோல் நடுவில் தூக்கிப் போட்டார். கோல்கீப்பர் ஏற்கெனவே பாய்ந்துவிட்டிருந்தார். செல்லப்பெயருக்கு ஏற்ற வேலை.

அப்படிப்பட்டவர் ஏன் ஓரிடத்தில் நிற்கவில்லை? ஒரு பெரிய காரணம் இரவல் முறை: ஒப்பந்தத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டே கிளப் ஆளை வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக அனுப்புவது. 1998இல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா அவரை வாங்கியது. அங்கே நிலைக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஆளைச் சும்மா விடவும் கிளப்புக்கு மனமில்லை. பிரேசிலின் க்ரேமியோ, மெக்சிகோவின் டெகோஸ், அர்ஜென்டினாவின் சான் லொரென்சோ, உருகுவேயின் நசியோனால் என்று ஆண்டுதோறும் இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தது. காகிதத்தில் ஸ்பெயின் கிளப்பின் ஆள், கால் பதித்தது வேறெங்கோ. கிளப் தன் முதலீட்டைக் காப்பாற்ற எடுக்கும் முடிவு, ஆட்டக்காரர் வீட்டில் பெட்டி கட்டும் வேலையாக வந்து சேர்கிறது. 2022 ஜூலையிலிருந்து ஃபிஃபா இதற்குக் கடிவாளம் போட்டது: இரவல் அதிகபட்சம் ஓராண்டு, இரவல் வாங்கிய ஆளை மறுபடி இரவல் கொடுக்கக் கூடாது, ஒரு கிளப் சர்வதேச அளவில் கொடுக்கும் வாங்கும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. இன்று ஓர் இளம் அப்ரேயு கிளம்பினால் அந்த 30ஐ எட்டுவது கொஞ்சம் கடினம்.

சரி, இவ்வளவு அலைந்தால் பணம் நிறைய வருமா? தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் சுமார் 14,000 பேரிடம் கேட்டறிந்து வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல பதில். 45 சதவீதம் பேரின் மாத வருமானம் 1,000 டாலருக்கும் கீழே. முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமாக வந்தவர்கள் 41 சதவீதம். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது மேலே மிதக்கும் பாலாடையை மட்டும்.

சம்பள பாக்கிதான் பல பயணங்களின் உண்மையான டிக்கெட். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பார், அப்புறம் ஏஜென்ட்டுக்குப் போன் போடுவார். 2018இல் ஃபிஃபா விதியைத் தெளிவாக்கியது: இரண்டு மாதச் சம்பளத்தைச் சட்டவிரோதமாக நிறுத்தினால், 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் விட்டு, அப்போதும் தராவிட்டால் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 2020 பிப்ரவரியில், கிளப் திவாலாகிச் சம்பளம் கிடைக்காமல் போனவர்களுக்காக 1.6 கோடி டாலர் நிதியும் அறிவிக்கப்பட்டது. உலகம் முழுவதற்கும் சேர்த்து, சில ஆண்டுகளுக்கு. ஒரு நட்சத்திரத்தின் மாற்றுத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஹன் ரிக்கெட்ஸின் பாதையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ஆர்சனல் அகாடமியில் வளர்ந்து, டாட்டனம் ஹாட்ஸ்பருக்காக பிரீமியர் லீகில் ஆடியவர். கிளம்பும் இடமே பலரின் கனவு முடியும் இடம். அதன் பிறகு இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்கள், கனடாவில் டொராண்டோ, ஹங்கேரி, மால்டோவா, ஜெர்மனியின் கீழ்மட்ட லீக், அயர்லாந்தில் ஷாம்ராக் ரோவர்ஸ், கோவாவில் டெம்போ, ஈக்வடார், தாய்லாந்து. இந்தப் பட்டியலில் மேலே போகிறாரா கீழே வருகிறாரா என்று கோடு போட முடியாது. சில இடம் சம்பளத்துக்காக, சில இடம் ஆட்டம் கிடைக்கும் என்பதற்காக, சில இடம் அந்த நேரத்தில் அழைத்தது அது ஒன்றுதான் என்பதற்காக. வெளியே இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே மாதிரி பயணமாகத்தான் தெரியும்.

இதிலேயே இருண்ட மூலை ஒன்று இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவர்களை 'ட்ரையல்', அதாவது கிளப்பில் தேர்வு ஆட்டம், என்று சொல்லிக் கூட்டிவந்து, குடும்பத்திடம் பணம் வாங்கிக்கொண்டு, அயல் நகரத்தில் நடுத்தெருவில் விட்டுச்செல்லும் போலி ஏஜென்ட்டுகள். கேமரூன் நாட்டுக்காக ஆடிய ஜான் குளோட் ம்வூமின், பிரான்சில் இப்படிக் கைவிடப்பட்டவர்களைப் பார்த்து அவர்களுக்கு உதவ 'ஃபுட் சாலிடேர்' என்ற அமைப்பையே தொடங்கினார். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சில விலக்குகள் தவிர நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்று ஃபிஃபா 2001இல் விதி போட்டது. ஏஜென்ட் உரிமத்தை 2015இல் கைவிட்டு, பிறகு 2023இல் தேர்வோடு மறுபடி கொண்டுவந்தது. பேர் போன ஜர்னிமேன் கதைகளைப் படிக்கும்போது, விமான நிலையத்தைத் தாண்டாமலே முடிந்த கதைகளும் இதே பாதையில்தான் கிடக்கின்றன என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

ஃபானென்ஸ்டீலுக்கும் அடிகள் குறைவில்லை. சிங்கப்பூரில் கேலாங் யுனைடெட் அணியில் இருந்தபோது ஆட்ட முடிவு தொடர்பான லஞ்ச வழக்கில் 2001இல் தண்டிக்கப்பட்டு 101 நாள் சிறையில் இருந்தார். தான் குற்றம் செய்யவில்லை என்றே இன்றுவரை சொல்கிறார். உண்மை எப்படியிருந்தாலும், குடும்பமும் நண்பர்களும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் நிற்பது இந்தத் தொழிலின் அபாயக் கணக்கில் யாரும் எழுதி வைக்காத வரி. அடுத்த ஆண்டு, 2002 டிசம்பர் 26 அன்று, பிராட்ஃபர்டுக்காக ஆடும்போது எதிரணி ஸ்ட்ரைக்கரின் முழங்கால் மார்பில் இடித்து மூச்சு மூன்று முறை நின்றது. அணியின் பிசியோ செயற்கைச் சுவாசம் கொடுத்து மீட்டார். பெரிய லீகாக இருந்தால் மைதானத்தில் மருத்துவர் படையே நிற்கும். கீழ்மட்டத்தில் பெரும்பாலும் ஒரு பிசியோவும் ஒரு பையும்தான். பிழைத்த ஃபானென்ஸ்டீல் சீக்கிரமே மறுபடி கையுறை மாட்டிக்கொண்டார்.

இந்த வாழ்க்கையில் சேமிப்பு மிஞ்சாவிட்டாலும் ஆள் தொடர்பு மிஞ்சும். எந்த நாட்டில் எந்த லீக் உண்மையில் எவ்வளவு தரம், எந்த ஊர் குளிரில் பிரேசில்காரர் சுருண்டுவிடுவார், எந்த கிளப்பின் வாக்கை நம்பலாம்: இதெல்லாம் அங்கே வாடகைக்கு இருந்தவருக்குத்தான் தெரியும். 2011இல் ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் கிளப் ஃபானென்ஸ்டீலை ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டறியும் வேலைக்கு எடுத்தது. பிறகு ஃபார்ச்சுனா டுசல்டார்ஃபில் விளையாட்டு இயக்குநர். ஆட்டக்காரராக அவர் ஒருபோதும் நுழையாத ஜெர்மனியின் முதல் டிவிஷனுக்குள் இப்படிக் கோட்டு போட்டுக்கொண்டு நுழைந்தார்.

2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புதிதாகத் தொடங்கவிருந்த கிளப்புக்கு விளையாட்டு இயக்குநராகப் போனார். ஆளே இல்லாத அணி. ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். கோல்வாசலுக்கு அவர் பிடித்து வந்தது ரோமன் பூர்க்கியை. சுவிட்சர்லாந்துக்காரர், போருசியா டார்ட்முண்டின் முதல் கோல்கீப்பராகப் பல ஆண்டு நின்றுவிட்டு, அந்த ஒரே இடம் கைவிட்டுப் போனதால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். 2023இல் அந்தக் கிளப் தன் முதல் சீசனிலேயே அமெரிக்க லீகின் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. லீகின் அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருது பூர்க்கிக்குக் கிடைத்தது.